சுபம் போடாத படம்

டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் இருக்கும் தமிழர்களில் ஒருவர்கூடச் சிறீஸ்கந்தராசாவிடம் போய், இந்தப் படம் நல்லதா கூடாதா என்று கேட்டதில்லை. கேளாமலே சொல்லுகிற மனிதரிடம் எதற்குக் கேட்பது? ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மனிதர் சோபாவில் சாய்ந்துகொள்வார். கைபேசியைப் பாண் துண்டு மாதிரி வாய்க்கு நேரே பிடித்து, "எல்லாருக்கும் வணக்கம். இந்தக் கிழமை பாத்த படத்தைப் பற்றிக் கொஞ்சம் கதைப்பம்" என்று தொடங்குவார். கொஞ்சம் என்றால் அவருக்குக் கால் மணித்தியாலம்.

அந்தக் குரல் போய் விழும் இடம் ஒரு வைபர் குழு. யூலண்ட் குடாநாடு முழுவதிலும் உள்ள பழைய ஆட்கள் அதில் இருந்தார்கள். மரண அறிவித்தல், பிறந்தநாள் கேக், கோயில் தேர், பழைய சோபா யாருக்காவது வேண்டுமா என்ற விசாரணை, இவற்றுக்கு நடுவில் கிழமைக்கு ஒருதரம் சிறீஸ்கந்தராசாவின் திரைப்பட அபிப்பிராயம். றொஜிதன் என்ற ஒருவன் தவறாமல் கட்டைவிரல் போடுவான். அவன் மரண அறிவித்தலுக்கும் கட்டைவிரல் போடுகிறவன். அதை வைத்து ஒன்றும் பெருமைப்பட முடியாது.

சொந்தச் சொல்லில் பதில் போடுகிற ஒரே ஆள் மேரிசெலின். ஹொல்ஸ்டெப்ரோவில் வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிற மன்னார்க்காரி. வேலைக்குப் போகிற பஸ்ஸில் கேட்டுவிட்டு, "அண்ணை, நீங்கள் சொன்னது சரி, ஆனா அந்த மாமியாரை இப்பிடித் திட்டியிருக்கத் தேவையில்லை" என்று ஒரு வரி அனுப்புவாள். அந்த ஒரு வரிக்காக மனிதர் படும் பாட்டைச் சொல்லவேண்டும். குரலை அனுப்பிவிட்டுக் கைபேசியை மேசையில் நிமிர்த்தி வைப்பார். கோப்பை கழுவப் போவார். பாதியில் ஈரக் கையோடு திரும்பி வந்து எட்டிப் பார்ப்பார். மறுபடி கழுவப் போவார். தனியாக இருக்கிறவனுக்கு இரண்டு கோப்பை கழுவ எவ்வளவு நேரம் ஆகும்? அவருக்கு ஒரு மாலைப்பொழுது ஆகும்.

பேர் பெற்ற படங்களை அவர் தொடுவதே இல்லை. "அதுகளைப் புகழ உலகமே இருக்கு. நான் ஏன் என்ரை தொண்டையைக் காயவைக்கவேணும்?" என்பார். முந்நூறு பேர்கூடப் பார்த்திராத, ஒரு கிழமை ஓடிவிட்டுப் பெட்டிக்குள் போன படங்களாகத் தேடிப்பிடிப்பார். படம் ஓடியதா ஓடவில்லையா என்பது தியேட்டர்க்காரனின் கவலை, பார்க்கிறவனுக்கு என்ன என்பது அவருடைய கட்சி.

அபிப்பிராயங்கள் எல்லாம் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. சண்டைக் காட்சியில் அடுக்கி வைத்திருக்கும் அட்டைப்பெட்டிகள் வெறும்பெட்டி என்று தெரிந்தால் அந்தப் படத்துக்கு இனி மன்னிப்பில்லை. காதலியைப் பார்த்து ஒரு வசனமும் பேசத் தெரியாமல் ஒரு றீல் முழுக்கத் தடுமாறும் கதாநாயகன் எங்கோ ஒரு தோல்விப் படத்தில் இருந்தான். அவன்தான் உண்மையான ஆண்பிள்ளை என்று அடித்துச் சொல்லுவார். கதாநாயகர்களைவிட அவருக்குப் பிடித்தது பின்னால் நிற்கிறவர்கள். ஆசுப்பத்திரி அறையிலிருந்து வெளியில் வந்து, கண்ணாடியைக் கழற்றி, இனிக் கடவுளைக் கும்பிடுங்கோ என்று சொல்லிவிட்டுப் போகும் டொக்டர். கோட்டில் பொய்ச் சாட்சி சொல்லும் கடைக்காரர். அப்படி வருகிற ஒரு நடிகரை அவர் சாட்சிக்காரர் என்று அழைப்பார். உண்மைப் பெயர் தெரியாது. பெயர் போடும்போது அவருடைய பெயர் இருபது பேரோடு சேர்ந்து ஓடிவிடும்.

அந்தச் சாட்சிக்காரர் ஒரே ஒரு படத்தில் முக்கிய வேடத்தில் வந்தார். அதுதான் சிறீஸ்கந்தராசாவின் படம். அதற்கு அவர் வைத்த பெயர் பஸ் ஸ்டொப் படம். அதன் உண்மைப் பெயரும் தெரியாது, காரணம் இருக்கிறது.

அகதியாக வந்த புதிதில் டென்மார்க்கில் தமிழ்ப் படம் என்றால் வீடியோ கசெற். ஜேர்மனியில் இருந்து யாராவது ஒன்று கொண்டுவருவார்கள். ஹொல்ஸ்டெப்ரோவில் மேரிசெலினின் கணவர் ஸ்ரிபனிடம் இரண்டு டெக் இருந்தது. ஒன்றில் படத்தை ஓடவிட்டு, வயரைக் கொடுத்து, மற்றதில் கொப்பி எடுப்பார். அந்தக் கொப்பியிலிருந்து இன்னொரு கொப்பி, அதிலிருந்து இன்னொன்று. யூலண்ட் முழுக்க அப்படித்தான் படம் பார்த்தது. இந்தப் படத்தை ஸ்ரிபன் பதிந்த பழைய கசெற்றின் தொடக்கத்தில் ஜேர்மனியில் நடந்த யாரோ ஒருவரின் கலியாண வீடியோவின் வால்பகுதி கிடந்தது. முகம் தெரியாத மாப்பிள்ளை, முகம் தெரியாத பெண்ணுக்குக் கேக் ஊட்டிக்கொண்டிருப்பான். வாயைத் திறந்த பெண் மறைந்து, திடீரென்று ஒரு மாட்டு வண்டி வரும். பெயர் போட்ட பகுதியைக் கலியாணம் தின்றுவிட்டது.

கதை பெரிய கதை இல்லை. மகளோடு கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போன ஒரு வயதான மனிதர், கடைசியில் மகளின் வீட்டைத் தேடி வருகிறார். வாசலில் நிற்கிறார். தட்டுவதற்குக் கையைத் தூக்குகிறார். உள்ளே கோப்பைச் சத்தம், சிரிப்பு. ஜன்னல் திரை ஒருதரம் அசைகிறது. தூக்கிய கையை இறக்கி, படியிறங்கி, தெருமுனையில் உள்ள பஸ் தரிப்பில் போய் உட்காருகிறார். பஸ் வருகிற பக்கம் பார்க்கிறார். உடனே திரை நீலமாகிவிடும். டெக் டக்கென்று நின்று, தானாகவே பின்னுக்குச் சுற்றத் தொடங்கும்.

சுபம் இல்லை, வணக்கம் இல்லை. அந்த இடத்தில் சிறீஸ்கந்தராசாவுக்கு முதல் தடவையே உடம்பு சிலிர்த்தது. எழும்பி நின்றுவிட்டார். "பாத்தியளே, சுபம் போடேல்லை. போடாமல் விடுறதுக்கு ஒரு நெஞ்சழுத்தம் வேணும்" என்று மனைவி சுசீலாதேவியிடம் சொன்னார். அவர் அதை வெளியில் சொல்லிச் சொல்லி, யூலண்டில் அந்தப் படம் பார்த்த அத்தனை பேரும் அப்படித்தான் நம்பினார்கள். சுபம் போடாத துணிச்சல் என்று தமிழ்ச் சங்கத்து ஆண்டுவிழாவில் ஒருதரம் மேடையேறியே பேசினார்.

மகள் கிருசாந்திக்கு அப்போது பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயது. அப்பாவின் பக்கத்தில் குந்தி அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தாளோ. "ஏன் அப்பா அவர் தட்டேல்லை?" என்று கேட்பாள். சிறீஸ்கந்தராசா அந்தக் காட்சியை நிறுத்திவைத்துப் பாடம் நடத்துவார். "தட்டாமல் போறது அவரின்ரை மானம். இப்ப இந்தத் திரைச்சீலையைப் பார். அசையுதே? மகள் அவரைக் கண்டிட்டாள். கண்டும் வெளியில வரேல்லை. அது அவளின்ரை ரோசம். ரெண்டு பேரும் ஒரே இரத்தம், அதுதான் இந்தப் படம்." பிள்ளை தலையாட்டும். வேறு என்ன செய்யும்.

சுசீலாதேவி நோய்வந்து போய்ச் சேர்ந்த பிறகு வீடு பெரிதாகிவிட்டது. ஆசுப்பத்திரி விரிப்புகள் துவைக்கும் தொழிற்சாலையில் பாதி ஆயுளைக் கழித்த சிறீஸ்கந்தராசாவுக்கு முழங்கால் போய், பென்சனும் வந்தது. கிருசாந்தி கோல்டிங்கில் கலியாணம் கட்டி, கைக்குழந்தையோடு இருந்தாள். அப்பாவின் முழங்காலில் ஒப்பரேசன் செய்த கிழமை அவளும் புருசன் சாருஜனும் வந்து வீட்டைத் துப்புரவாக்கினார்கள். குசினி மினுங்கியது. புதுக் கட்டில் வந்தது. நிலவறையில் பூஞ்சணம் பிடித்துக் கிடந்த கசெற்றுகளைப் பெட்டி பெட்டியாகக் காரில் ஏற்றிக் கொம்யூன் என்கிற நகரசபையின் குப்பை நிலையத்தில் கொட்டிவிட்டு வந்தார்கள். அப்பாவின் இருமலுக்கு அந்தப் பூஞ்சணம்தான் காரணம் என்று அவள் நினைத்தாள். நினைத்தது பிழையும் இல்லை.

அந்தப் பெட்டிகளில் ஒவ்வொரு கசெற்றின் முதுகிலும் பெயர் எழுதியது சுசீலாதேவி. குண்டு குண்டான எழுத்து. அந்த மனுசியின் கையெழுத்து வீட்டில் வேறு எங்கும் இல்லை. இதைச் சிறீஸ்கந்தராசா மகளிடம் சொல்லியிருந்தால் அவள் அழுதிருப்பாள், இவரும் அழுதிருப்பார், கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் அதைச் சொல்லவில்லை. பதிலுக்குச் சொன்னது இது.

"குப்பையெண்டு எல்லாத்தையும் எறிஞ்சிட்டாய். மிச்சம் இருக்கிறது நான் ஒருத்தன்தான். என்னையும் ஏத்திக்கொண்டு போய்க் கொட்டிவிடன்."

கிருசாந்தி கோபம் வந்தால் டெனிஷுக்குப் போய்விடுவாள். முழங்கால் ஆறும்வரை உங்களை எங்களோடு கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தோம், வேண்டாமென்றால் இங்கேயே இருங்கள், வர மனமிருந்தால் கதவு எங்கே என்று உங்களுக்குத் தெரியும் என்று டெனிஷில் சொன்னாள். "உன்ரை வாசலில என்ரை கால் படாது" என்று இவர் தமிழில் சொன்னார். குழந்தை காரில் அழுதது. அவர்கள் போய்விட்டார்கள்.

ஒரே ஒரு கசெற் தப்பியது. அது டெக்குக்குள் இருந்தபடியால் யார் கண்ணிலும் படவில்லை. முதுகில் பஸ் ஸ்டொப் என்று சுசீலாதேவியின் குண்டு எழுத்து.

தொடக்கத்தில் கிருசாந்தி தொலைபேசி எடுத்தாள். இவர் ஓம், இல்லை, நல்லாயிருக்கிறன் என்பதற்குமேல் வாய் திறக்கவில்லை. பிறகு அவருடைய பிறந்தநாளுக்கு மட்டும் எடுத்தாள். பிறகு அதுவும் குறுஞ்செய்தியாகப் போனது. பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிற மனிதர், முயலே போன பிறகும் காலை எண்ணிக்கொண்டிருந்தார். அந்தக் குரல் பதிவுகளை அவர் குழுவில் போடத் தொடங்கியது அந்த வருடத்தில்தான். வீட்டில் கதைக்க ஆள் இல்லை. அதுதான் உண்மை, சினிமா எல்லாம் சாட்டு.

இரண்டு மாரிக்குளிருக்கு முன்னர் கோல்டிங்கில் தெரிந்தவர் வீட்டுக் கலியாணம் ஒன்றுக்குப் போனார். சாப்பாடு முடிந்து, மண்டபத்தில் ஆட்டம் பாட்டு தொடங்கியதும் மெல்ல வெளியில் வந்தார். கால் தானாகவே மகளின் தெருவுக்குப் போனது. பின்னேரம்தான், ஆனாலும் இருட்டிவிட்டது. டெனிஷ்காரர் வீட்டு ஜன்னல்களுக்குத் திரை கிடையாது, கிருசாந்தியும் அதைப் பழகிவிட்டிருந்தாள். ஜன்னலில் ஒரு பூச்சாடி, ஒரு சின்ன விளக்கு. உள்ளே மூன்று பேர் மேசையில் இருந்து சாப்பிட்டார்கள். குழந்தை கரண்டியால் மேசையைத் தட்டியது. வாசல்வரை போனார். கையைக்கூடத் தூக்கினார். அந்த நேரத்தில் சாட்சிக்காரரின் முகம் அவருக்கு ஞாபகம் வந்தது. கையை இறக்கினார். தெருமுனைப் பஸ் தரிப்பில் போய் உட்கார்ந்தார்.

நம்புங்கள், அங்கே குளிரில் இருந்தபோது மனிதருக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அழுகையும் வந்தது, பெருமையும் வந்தது. சரியாகச் செய்துவிட்டோம் என்ற மாதிரி. அடுத்த ஞாயிறு பஸ் ஸ்டொப் படத்தைப் பற்றி மறுபடியும் பேசினார். வழக்கத்தைவிட அழகாகப் பேசினார் என்று மேரிசெலின் பதில் போட்டாள்.

இந்த வருடம் கோடை தொடங்கும்போது அதே மேரிசெலின்தான் தலையில் கல்லைப் போட்டாள். குழுவில் போடாமல் தனியாக அனுப்பியிருந்தாள், அவ்வளவு புத்தி அவளுக்கு இருந்தது.

"அண்ணை, உங்கடை பஸ் ஸ்டொப் படத்தை ஆரோ யூரியூப்பில ஏத்தியிருக்கினம். மாட்டு வண்டியைக் கண்டதும் பிடிச்சிட்டன். முழுசாக் கிடக்கு. ஆனா அண்ணை, ஆறுதலா இருந்து பாருங்கோ. முடிவு நாங்கள் பாத்தது இல்லை."

முடிவு நாங்கள் பார்த்தது இல்லை என்றால்? சிறீஸ்கந்தராசா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார். வேறு படமாக இருக்கும் என்று முதலில் நினைத்தார். மன்னார்க்காரிக்குக் கண் மங்கிப்போச்சு என்றுகூட நினைத்தார். தேத்தண்ணி ஊற்றி வைத்துக்கொண்டு ரீவியில் படத்தைப் போட்டார்.

முதலில் பெயர் வந்தது. பாசம், வாசம் என்று எதுகை போட்ட பெயர். அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை. பிறகு மாட்டு வண்டி வந்தது, சாட்சிக்காரர் வந்தார். எல்லாம் தெரிந்த இடங்கள். கசெற்றில் நரைத்துக் கிடந்த சேலை உண்மையில் பச்சைநிறம் என்பதைத் தவிரப் புதிதாக ஒன்றும் இல்லை. வாசல் வந்தது. கை தூக்கினார். திரை அசைந்தது. இறங்கினார். பஸ் தரிப்பில் உட்கார்ந்தார். பஸ் வருகிற பக்கம் பார்த்தார்.

இவர் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டார். நீலம் வரவில்லை. பஸ் வந்தது.

பஸ் வந்ததோடு போகட்டும், அதன் கொண்டக்டர் ஒரு பகிடி நடிகர். சில்லறை இல்லை என்று சாட்சிக்காரரோடு வாய்க்குவாய் சண்டை பிடிக்கிறான். பஸ்ஸுக்குள் ஒரு ஆடு கத்துகிறது. கடைசியில் அவரைப் பாதி வழியில் இறக்கிவிடுகிறார்கள். அவர் செருப்பு அறுந்து, நடந்தே திரும்பி வருகிறார். வந்து தட்டுகிறார். பேரப்பிள்ளை கதவைத் திறக்கிறது. அந்தத் திரை அசைந்ததே, அது இந்தப் பேரப்பிள்ளை ஒளித்துப் பிடித்து விளையாடியதாம்; அதையும் அந்தப் பிள்ளையே வாயால் சொல்லுகிறது. மகள் ஓடிவந்து காலில் விழுகிறாள். உடனே எல்லோரும் வெள்ளை உடுப்போடு ஒரு பூங்காவில் நின்று பாடுகிறார்கள். ஆடும் நிற்கிறது. அதன்மேல் பென்னம்பெரிய எழுத்தில் சுபம்.

சிறீஸ்கந்தராசாவின் முகத்தில் ஈயாடவில்லை. தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. கடைசிப் பகுதியை மறுபடி போட்டுப் பார்த்தார், எங்கேயாவது ஏமாற்று இருக்குமோ என்று. இல்லை. அதே ஆள், அதே சட்டை, அதே பஸ் தரிப்பு. மேடையில் ஏறிப் பேசிய துணிச்சல் எல்லாம் ஒரு கசெற் முடிந்துபோனதுதான். முன்னால் யாரோ இரண்டு பேர் கேக் ஊட்டி இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள், பின்னால் படத்துக்கு இடம் போதவில்லை.

ஞாயிறு வந்தது. கைபேசியை எடுத்து, "எல்லாருக்கும் வணக்கம்" என்று தொடங்கி, அழித்தார். மறுபடி தொடங்கி, மறுபடி அழித்தார். முடிவு படுமோசம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அது உண்மையும்கூட. ஆனால் அதைச் சொன்னால் முடிவு இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். சொல்லும்போது அந்தக் குளிரும், பூச்சாடியும், குழந்தை கரண்டியால் தட்டியதும் கண்முன் வந்து நின்றன. இரண்டு வருடமாகப் பெருமை என்று நினைத்து வைத்திருந்தது வேறு என்னவோ என்று அவருக்கு விளங்கத் தொடங்கியது. விளங்கியது பிடிக்கவில்லை.

அந்த ஞாயிறு குழுவில் அவருடைய குரல் வரவில்லை. பின்னேரம் கைபேசி அடித்தது. மேரிசெலின்.

"என்ன அண்ணை, இண்டைக்குச் சத்தத்தைக் காணேல்லை. சுகமில்லையோ?"

"சுகம்தான்."

"படம் பாத்தியளே?"

"பாத்தன். அவனுக்கு என்ன விசரா? ஆட்டைக் கொண்டுவந்து விட்டிருக்கிறான். எங்கட கொப்பியில இருந்ததுதான் திறமான முடிவு. அங்கை நிப்பாட்டியிருக்கவேணும்."

மேரிசெலின் சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள்.

"அங்கை நிப்பாட்டினது படம் எடுத்த ஆள் இல்லை அண்ணை, என்ரை மனுசன். கசெற் முடிஞ்சுது, அந்தாள் டெக்கை நிப்பாட்டிப்போட்டு நித்திரைக்குப் போயிட்டுது. அதைப் பிடிச்சுக்கொண்டு நீங்கள் இவ்வளவு காலமும் நிண்டிட்டியள்." பிறகு கேட்டாள். "கிருசாந்தி எப்பிடி இருக்கிறா?"

படத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தவள் ஏன் அந்தப் பெயரை எடுத்தாள் என்று சிறீஸ்கந்தராசா கேட்கவில்லை. அவரும் குழந்தைப்பிள்ளை இல்லை.

"தெரியாது" என்றார்.  சொந்தப் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று தெரியாது. மேரிசெலின் வேறு ஒன்றும் கேட்காமல், சாப்பிட்டுப் படுங்கோ என்று வைத்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை காலையில் முகம் வழித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு ரயில் ஏறினார். சொல்லாமல்தான் போனார். சொன்னால் வரவேண்டாம் என்று அவள் சொல்லிவிடக்கூடும். அதைக் கேட்டுவிட்டு வீட்டில் இருக்கிற பலம் அவரிடம் இல்லை. வெறுங்கையோடு போகக்கூடாதென்று ஒரு கடையில் சொக்கிலேற் வாங்கினார். பேத்திக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாது. பிரடறீசியாவில் இறங்கி ரயில் மாறவேண்டும். அங்கே மேடையில் நின்றபோது, வடக்கே திரும்பிப் போகிற ரயிலும் எதிர்ப்பக்கம் வந்து நின்றது. கதவும் திறந்தே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அது போன பிறகு மூச்சு விட்டார்.

ரயிலில் வரும்போது ஒரு வசனம் தயார் பண்ணியிருந்தார். பிள்ளை, அந்தக் கசெற்றுகளில உன்ரை அம்மான்ரை கையெழுத்து இருந்தது, அதுதான் எனக்கு அப்பிடிக் கோபம் வந்தது. இவ்வளவுதான். பழைய படங்களில் வருகிற மாதிரி நீட்டவில்லை. நல்ல வசனம் என்றால் நாலு சொல்லில் முடியவேண்டும் என்பது அவருடைய அபிப்பிராயம்.

தெருமுனையில் அந்தப் பஸ் தரிப்பு அப்படியே இருந்தது. அதைக் கடக்கும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தார். வாசலில் அழைப்பு மணி இருந்தது. மணியை அமத்தாமல் கையால் தட்டினார்.

கதவைத் திறந்தது ஒரு சின்னப்பெண். ஒரு காலில் மட்டும் காலுறை. அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பி டெனிஷில் சத்தம் போட்டாள், அம்மா, யாரோ ஒரு ஆள் வந்து நிற்கிறார் என்று. அம்மப்பா இல்லை. ஆள். சிறீஸ்கந்தராசா சொக்கிலேற் பையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார்.

கிருசாந்தி ஈரக் கையோடு வந்தாள். கண்டதும் நின்றுவிட்டாள். காதோரம் நரைத்திருந்தது. மகளுக்கு நரை விழுந்ததைக்கூடப் பார்க்காமல் இருந்துவிட்டேனே என்று அவருக்கு இருந்தது. தயார் பண்ணிய வசனம் போன இடம் தெரியவில்லை. குசினியில் கோப்பை கழுவும் மெசின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அண்டைக்கும் வந்தனீங்கள்" என்றாள் கிருசாந்தி. தமிழில்தான் சொன்னாள். "மாரிக்கை. கலியாண உடுப்போட."

"கண்டனியா?"

"கண்டனான். நீங்கள் பஸ் ஸ்டொப்பில போய் இருந்ததையும் கண்டனான். அந்தப் பூச்சாடிக்குப் பின்னால நிண்டு பாத்துக்கொண்டே இருந்தனான், நீங்கள் பஸ்ஸில ஏறுமட்டும்."

"ஏன் பிள்ளை கூப்பிடேல்லை?"

 அவள் கைகளைச் சட்டையில் துடைத்தாள்.

"மகள் வெளியில வரமாட்டாள் எண்டு நீங்கள்தானே அப்பா சொல்லித் தந்தனீங்கள். கண்டாலும் வரமாட்டாள், அது அவளின்ரை ரோசம் எண்டு. நான் சின்னனில இருந்து பாத்தது அதைத்தானே."

 யூலண்ட் முழுக்க நம்பவைத்தவர், வீட்டில் பக்கத்தில் குந்தியிருந்த பிள்ளையும் நம்பும் என்று நினைத்திருக்கவில்லை.

"பிள்ளை, அந்தப் படம் அதோட முடியேல்லை" என்றார்.  "கசெற்தான் முடிஞ்சது. அதுக்குப் பிறகும் படம் இருக்கு. நானே இப்பதான் பாத்தனான்."

கிருசாந்தி அவரையே பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. சின்னப்பெண் தாயின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

"பிறகு என்ன நடக்குது?"

"திரும்பி வந்து தட்டுறார். திறக்கினம்."

"நல்லாயிருக்கா?"

இந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். மனிதர் யோசித்தார், அவருக்கு வரவில்லை.

"சரியான குப்பை" என்றார்.

கிருசாந்தி கதவைவிட்டு விலகி வழி விட்டாள். சிறீஸ்கந்தராசா ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் நோகக் குனிந்து, சப்பாத்தின் நூலை அவிழ்க்கத் தொடங்கினார்.